பழைய டீசல் காரில் டிராம்சோ வரை போகலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். என்னிடம் 2008-ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டீசல் எஸ்டேட் கார் இருக்கிறது. 1,48,000 மைல் ஓடியிருந்தாலும் இதுவரை வழியில் நின்றதில்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு நார்வேயின் டிராம்சோவில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு, ஸ்வீடன் வழியாகக் காரிலேயே போக விரும்புகிறோம். இங்குள்ள ஒர்க்‌ஷாப்பில், "சர்வீஸ் செய்து நல்ல டயர் போட்டுக்கொண்டால் போதும்" என்கிறார்கள். என் அண்ணனோ, இவ்வளவு பழைய வண்டியை நம்பிக் குழந்தைகளோடு அந்தக் குளிருக்குள் போகவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? போவதென்றால் என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கார் இந்தப் பயணத்தை முடிக்கும் தகுதி உடையதுதான். ஆனால் வழக்கமான சர்வீஸ் வேறு, இப்படியொரு பயணத்துக்கான ஆயத்தம் வேறு. கடுங்குளிர் பெரும்பாலும் புதிய பழுதை உண்டாக்குவதில்லை. லெஸ்டரின் 5 டிகிரி குளிரில் வெளியே தெரியாமல் கிடக்கும் பலவீனத்தைத்தான் அது நடுவழியில் நிற்கும் பழுதாக மாற்றிவிடுகிறது. அந்தப் பலவீனங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே உங்கள் முதல் வேலை. அதை நவம்பர் நடுப்பகுதிக்குள் முடித்துவிட்டு, அதன்பின் ஒரு மாதமாவது காரை அன்றாடம் ஓட்டுங்கள். புதிதாக மாட்டிய ஹோஸ் கசிந்தாலும், புதிய பாகமே குறையுள்ளதாக இருந்தாலும், அது முதல் சில நூறு மைல்களுக்குள் தெரிந்துவிடும். அப்படித் தெரிவது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். புறப்படுவதற்கு முந்தைய வாரம் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு கிளம்புவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

வழியில் குளிர் எங்கே கடுமையாக இருக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஹாரிச் துறைமுகத்திலிருந்து ஹூக் ஆஃப் ஹாலந்து, பின் ஜெர்மனி, டென்மார்க், ஓரசுண்ட் பாலம், ஸ்வீடனின் ஈ4 நெடுஞ்சாலை, லூலியோவைத் தாண்டியதும் ஈ10 வழியாக யெல்லிவாரே, கிருனா, ஆபிஸ்கோ, அங்கிருந்து எல்லை கடந்து நார்விக், கடைசியாக டிராம்சோ என்று உங்கள் பாதை அமையும். ஒரு வழிக்கே 3,000 கிலோமீட்டருக்கு மேல். டிராம்சோ கடலோர நகரம் என்பதால், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருந்தும் அங்கே ஜனவரியின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சில டிகிரிதான் கீழே இருக்கும். உங்கள் காரைச் சோதிக்கப்போவது டிராம்சோ அல்ல, அதற்கு முன்னால் வரும் ஸ்வீடனின் உள்நிலம். 2024 ஜனவரி 3 அன்று குவிக்யோக் அருகே -43.6 டிகிரி பதிவானது. அதே நாளில், ஒப்பிட்டால் வெப்பமான தென் ஸ்வீடனில், ஈ22 சாலையில் பனிப்புயலில் ஏறத்தாழ ஆயிரம் வாகனங்கள் சிக்கின. பலர் இரவெல்லாம் காரிலேயே கிடந்தார்கள். எனவே -35 டிகிரியில் ஸ்டார்ட் ஆகும் கார், ஓர் இரவு முழுவதும் உள்ளே இருந்து தாக்குப்பிடிக்கக்கூடிய கார் என்ற இரண்டையும் இலக்காக வைத்து வேலை செய்யுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது குளிரோடு நேரடித் தொடர்பில்லாத டைமிங் பெல்ட். உங்கள் இன்ஜினில் அந்த பெல்ட்தான் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டையும் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இன்ஜினே போய்விடும். மைல் கணக்கு, ஆண்டுக் கணக்கு என்று கையேட்டில் இரண்டு வரம்புகள் இருக்கும். அவற்றில் எது முன்னால் வருகிறதோ அதற்குள் மாற்றியதற்கான ரசீது உங்களிடம் இல்லையென்றால், பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இந்தச் செலவு கட்டுப்படியாகாது என்று தோன்றினால், இந்தப் பயணத்தையே இந்தக் காரில் செய்யாதீர்கள்.

அடுத்தது குளிரில் ஸ்டார்ட் ஆகும் திறன். -18 டிகிரி அளவில் பேட்டரியின் திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. அதே நேரத்தில் ஆயில் கெட்டியாகி, இன்ஜினைச் சுற்ற வழக்கத்தைவிடப் பல மடங்கு விசை தேவைப்படுகிறது. பேட்டரிக்கு ஐந்து வயது ஆகியிருந்தால், இன்று நன்றாக இயங்கினாலும் புதிதாகப் போடுங்கள். குளிரில் ஸ்டார்ட் செய்யும் ஆம்பியர் அளவு பழையதைவிடக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். ஐந்து வயதுக்குள் என்றால் லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். இரவு முழுதும் நின்ற பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஹெட்லைட், ஹீட்டர் காற்றாடி, பின்கண்ணாடிச் சூடேற்றி எல்லாவற்றையும் போட்டுவிட்டு அந்தக் கடைசி அளவை மீண்டும் பாருங்கள். பழைய ஆல்டர்னேட்டரின் குறை அப்போதுதான் வெளிப்படும். முழுச் சார்ஜ் உள்ள பேட்டரியின் அமிலம் -60 டிகிரி வரை உறையாது. சார்ஜ் முழுவதும் இறங்கிய பேட்டரியோ -10 டிகிரிக்குள்ளேயே உறைந்து வெடிப்பு விடலாம். ஸ்வீடனில் விளக்கை அணைக்க மறந்து ஓர் இரவு காரை விட்டால், மறுநாள் ஜம்ப் ஸ்டார்ட்டுக்கும் உதவாத பேட்டரி கிடைக்கலாம். கையோடு கொண்டுபோகும் லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டரையும் இரவில் காரில் விடாமல் அறைக்குள் எடுத்துச் செல்லுங்கள்.

ஹீட்டர் பிளக் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பல ஒர்க்‌ஷாப்புகள் அவசரப்படுகின்றன. ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரின் உட்புறத்தைச் சூடாக்கும் இந்தப் பிளக்குகள் உங்கள் இன்ஜினில் நான்கு உள்ளன. இங்கிலாந்தின் குளிரில் இரண்டு செத்திருந்தாலும் கார் ஸ்டார்ட் ஆகிவிடும். சில நொடி நடுங்கி, கொஞ்சம் வெண்புகை விட்டுச் சரியாகிவிடும். -25 டிகிரியில் அதே கார் ஸ்டார்ட் ஆகாது. ஒவ்வொரு பிளக்கின் மின்தடையையும் மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். ஓர் ஓம் அளவில் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் நல்ல பிளக், மீட்டர் எதுவும் காட்டவில்லையென்றால் செத்துவிட்டது. செத்ததை மாற்றும்போதுதான் ஆபத்து. ஆண்டுக்கணக்கில் அலுமினிய ஹெட்டில் இறுகிப்போன பிளக் முறிந்தால், ஹெட்டைக் கழற்றும் அளவுக்கு வேலை பெரிதாகிவிடும். முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, இன்ஜினைச் சூடாக்கி, விசை அளவு பார்த்துப் பொறுமையாகக் கழற்றுபவரிடம் மட்டுமே இதைக் கொடுங்கள். கூலன்ட் வெப்ப உணரியையும் சோதிக்க வேண்டும்: அது தவறாக "இன்ஜின் சூடாக இருக்கிறது" என்று கன்ட்ரோல் யூனிட்டுக்குத் தெரிவித்தால், பிளக்குகள் நான்கும் புதிதாக இருந்தாலும் அவற்றுக்கு மின்சாரமே போகாது.

ஆயிலைப் பொறுத்தவரை, "குளிருக்கு மெல்லிய ஆயில்" என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்காதீர்கள். 10டபிள்யூ ஆயிலின் குளிர்நிலை ஓட்டம் -25 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலுடையது -30 டிகிரியிலும், 0டபிள்யூ ஆயிலுடையது -35 டிகிரியிலும் சோதிக்கப்படுகிறது. உங்கள் இன்ஜினில் டீசல் இன்ஜெக்டர்களைக் கேம் ஷாஃப்டே அழுத்தி இயக்குவதால், அங்கே ஆயிலின் மேல் விழும் பாரம் மிக அதிகம்; அதனால்தான் இதற்கென்று ஃபோக்ஸ்வேகன் 505 01 அல்லது 507 00 தர ஒப்புதல் கேட்கிறார்கள். 507 00 ஒப்புதலுள்ள 5டபிள்யூ-30 ஆயிலை ஃபில்டரோடு புதிதாக மாற்றினால் உங்கள் பாதைக்குப் போதும். ஒப்புதல் இல்லாத மெல்லிய ஆயில் ஒரு குளிர் காலையில் உதவிவிட்டு, கேம் ஷாஃப்டைத் தேய்த்துவிடும்.

இனி டீசல். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல, டீசலில் உள்ள மெழுகும் குளிரில் திரிந்து ஃபில்டரை அடைத்துவிடும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் விற்கும் டீசல் -15 டிகிரி வரை ஃபில்டர் வழியாகச் செல்லும்படி தயாரிக்கப்படுகிறது. ஜெர்மனியில் இது -20. வட ஸ்வீடனின் பங்க்குகளில் கிடைப்பது -30 டிகிரிக்கும் கீழே தாங்கும் வகை. ஆகவே லெஸ்டரில் டேங்க்கை நிரப்பி எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்று கணக்குப் போடாதீர்கள். தெற்கில் நிரப்பிய டீசலைப் பெரும்பகுதி தீர்த்துவிட்டு, கால் டேங்க்குக்கு மேல் மிச்சமில்லாமல் ஈ4 சாலையில் வரும் சுண்ட்ஸ்வாலை அடைந்து அங்கே நிரப்புங்கள். லூலியோவில் மறுபடி நிரப்புங்கள். அதற்கு வடக்கே அரை டேங்க்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பங்க்குகளுக்கு இடையே தூரம் அதிகம். சாலை அடைபட்டால் ஹீட்டரை ஓட்டவும் அந்த டீசல்தான் வேண்டும். டீசல் ஃபில்டரை நவம்பரிலேயே மாற்றுங்கள், ஏனென்றால் பழைய ஃபில்டரில் தேங்கிய நீர் மெழுகுக்கு முன்னரே உறைந்துவிடும். டீசலில் கொஞ்சம் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கலக்கலாம் என்ற பழைய லாரிக்காரர் யோசனையை நீங்கள் கேட்டிருக்கலாம். உங்கள் வண்டியில் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் மசகே டீசல்தான் என்பதால் அதைச் செய்யவே செய்யாதீர்கள். உறைவைத் தடுக்கும் சேர்க்கை திரவத்தையும் மெழுகு திரிவதற்கு முன்னால் ஊற்றினால்தான் பயன் உண்டு. திரிந்த மெழுகை அது மீண்டும் கரைப்பதில்லை.

இந்த இன்ஜின் எரிபொருளைச் சிக்கனமாக எரிப்பதால் வீணாகும் வெப்பமும் குறைவு; கடுங்குளிரில் மெதுவாகத்தான் சூடேறும். அதோடு, இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் முழுவதும் மூடாமல் சற்றுத் திறந்தே இருந்தால், மணிக்கணக்கில் ஓட்டினாலும் காருக்குள் வெதுவெதுப்பு வராது. பழைய கார்களில் இது மிகச் சாதாரணமான பழுது. லெஸ்டரில் வெப்பமானியின் முள் 90-ஐ அடையத் தாமதிக்கிறது அல்லது இறக்கத்தில் கீழே சரிகிறது என்றால் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். கூலன்ட் கலவையை ரிஃப்ராக்டோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். தண்ணீரும் உறைவைத் தடுக்கும் கிளைக்கால் திரவமும் சரிபாதி கலந்தால் -35 டிகிரி வரை காப்பு கிடைக்கும்; உங்கள் பாதைக்கு 60 சதவீதம் வரை கூட்டலாம். அதற்கு மேல் கூடாது: கலக்காத கிளைக்கால் -13 டிகிரி அளவிலேயே உறையத் தொடங்கும், வெப்பத்தையும் சரியாகக் கடத்தாது. நிறத்தைப் பார்த்து வாங்காமல் டப்பாவில் எழுதியுள்ள தரக்குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள்.

வட ஸ்வீடனில் வீடுகளிலும் விடுதிகளிலும் கார் நிறுத்துமிடத்தில் மின்சாகெட் இருப்பதைக் காண்பீர்கள். அங்குள்ள கார்களில் காலிக்ஸ், டெஃபா போன்ற நிறுவனங்களின் இன்ஜின் ஹீட்டர்கள் பொருத்தப்பட்டிருக்கும். ஸ்டார்ட் செய்வதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே மின்சாரத்தால் இன்ஜினைச் சூடாக்கிக்கொள்வார்கள். ஒரே பயணத்துக்காக அதைப் பொருத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் யெல்லிவாரே அல்லது கிருனாவில் சூடேற்றிய கராஜ் உள்ள விடுதியாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். ஆண்டுதோறும் போகப்போகிறீர்கள் என்றால் பொருத்துவதில் பொருளுண்டு.

டயர் விஷயத்தில் உங்கள் ஒர்க்‌ஷாப் சொன்னது சரி, ஆனால் எந்த டயர் என்பதுதான் கேள்வி. மலை உச்சிக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இல்லாமல், சேறு-பனி என்பதைக் குறிக்கும் எம்+எஸ் எழுத்து மட்டும் உள்ள டயரை, 2024 அக்டோபர் முதல் ஜெர்மனியிலும் அதே ஆண்டு டிசம்பர் முதல் ஸ்வீடனிலும் குளிர்கால டயராகக் கணக்கில் எடுப்பதில்லை. ஸ்வீடனில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, சாலை குளிர்கால நிலையில் இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம்; ஸ்வீடன், நார்வே இரண்டிலும் குறைந்தது 3 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் வேண்டும். 3 மில்லிமீட்டர் சட்டத்துக்குப் போதும், பனிக்குப் போதாது. 5-க்குக் குறைந்தால் நான் அனுப்பமாட்டேன். ஆணி பதித்த டயர் உறைபனியில் மிகச் சிறந்தது என்றாலும் ஜெர்மனியில் அதற்குத் தடை. உங்கள் பாதை அவ்வழியாகச் செல்வதால் அது ஆகாது. மீதமுள்ளவற்றில் இரண்டு வகை உண்டு. நடு ஐரோப்பாவுக்கான குளிர்கால டயர் ஈரச்சாலைக்கும் வேகத்துக்கும் ஏற்றது. நார்டிக் வகை, ஆணியில்லாத டயர் மிக மென்மையான ரப்பரால் ஆனது. -20 டிகிரியிலும் இறுகாமல் பனிக்கட்டியைப் பற்றும், ஆனால் ஈரமான ஆட்டோபானில் பிரேக் தூரம் கூடும். உங்கள் ஆபத்து வடக்கில்தான் இருக்கிறது. நார்டிக் வகையை நான்கு சக்கரத்துக்கும் போட்டு, ஜெர்மனியில் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். முன் சக்கரங்களுக்கு ஒரு ஜோடி சங்கிலி எடுத்துக்கொண்டு, வீட்டு வாசலில் கையுறையோடு மாட்டிப் பழகுங்கள். லெஸ்டரில் 10 டிகிரியில் நிரப்பிய காற்று -25 டிகிரியில் சுமார் 0.4 பார் குறைந்திருக்கும் என்பதால், வடக்கே போகப் போக, குளிர்ந்த டயரில் அளந்து காற்று நிரப்புங்கள். ஸ்டெப்னியை மறக்காதீர்கள்.

அடிப்பகுதியில் டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் உறைகளையும் பிரேக் குழாய்களையும் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பு தொடங்கிய ரப்பர் கடுங்குளிரில் கிழிந்துவிடும். இரண்டு ஆண்டுக்கு மேலான பிரேக் திரவத்தை மாற்றுங்கள். சைலன்சர் குழாயில் சிறு கசிவும் இருக்கக் கூடாது. இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். பனியில் சிக்கி, இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நால்வர் உட்கார்ந்திருக்கும்போது, கசியும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் உயிரைக் குடித்துவிடும். அப்படி நிற்க நேர்ந்தால் சைலன்சர் வாயைச் சுற்றி மூடும் பனியை அடிக்கடி அகற்றுங்கள், இன்ஜினைத் தொடர்ந்து ஓடவிடாமல் இடையிடையே மட்டும் ஓடவிடுங்கள், பேட்டரியில் இயங்கும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் உள்ளே வையுங்கள். ஆளுக்கொரு குளிர்காலத் தூக்கப்பை, பனி மண்வாரி, தண்ணீர், அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடிய உணவு ஆகியவை டிக்கியில் அல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

காருக்குள் இருக்கும் ஈரத்தையும் பலர் கவனிப்பதில்லை. இந்த வயதுக் கார்களில் கதவு சீல் கசிந்து கால்விரிப்புக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருப்பதுண்டு. கடுங்குளிரில் அந்த ஈரம் முன்கண்ணாடியின் உட்புறம் பனிப்படலமாகப் படியும், ஏ.சி.யும் உறைநிலையை நெருங்கியதும் நின்றுவிடுவதால் அதை உலர்த்த வழியிருக்காது. இப்போதே விரிப்பைத் தூக்கிப் பார்த்துக் காயவையுங்கள். கதவு ரப்பர்களில் சிலிகான் தடவுங்கள். வாஷர் டேங்க்கில் உள்ள பழைய நீரை முழுதும் வெளியேற்றிவிட்டு, -30 டிகிரி தாங்கும் திரவத்தைத் தண்ணீர் சேர்க்காமல் ஊற்றி, குழாய் வரை அது வரும்படி பீய்ச்சிவிடுங்கள். டிராம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதில்லை. ஏறத்தாழப் பயணம் முழுதும் ஹெட்லைட்டில்தான் ஓட்டுவீர்கள். மங்கிய விளக்குக் கண்ணாடிகளைப் பாலீஷ் செய்து, ஐந்து நாட்டிலும் எதிர்வண்டியின் கண்ணைக் கூசாதிருக்க வலப்பக்க ஸ்டியரிங் கார்களுக்கான ஒளித்திருப்பிகளை ஒட்டுங்கள். டென்மார்க், ஸ்வீடன், நார்வே மூன்றிலும் பகலிலும் ஹெட்லைட் கட்டாயம். உறைபனியில் இரவு நிறுத்தும்போது சமதளத்தில் கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போடாதீர்கள். ஈரமான கேபிள் உறைந்து, காலையில் சக்கரம் விடுபடாது.

ஆவணங்களில் வி5சி (வண்டிப் பதிவுச் சான்று), காப்பீடு, காலாவதியாகாத எம்.ஓ.டி (ஆண்டுத் தகுதிச் சோதனைச் சான்று) ஆகியவற்றோடு பின்புறம் 'யு.கே.' ஒட்டியும் வேண்டும், பழைய 'ஜி.பி.' ஒட்டி 2021 செப்டம்பர் 28 முதல் செல்லாது. முக்கோண எச்சரிக்கைப் பலகையும் ஆளுக்கொரு ஒளிரும் மேலங்கியும் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் உதவும் பிரேக்டவுன் காப்பீட்டில் காரின் வயது வரம்பு உண்டா, நார்வே அடங்குமா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய டீசல் கார்களுக்குப் பல நகர மையங்களில் கட்டுப்பாடு இருப்பதால், நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் போகும் முன் அந்தந்த நகரத்தின் விதியைப் பாருங்கள். கிருனாவுக்கும் நார்விக்குக்கும் இடையிலுள்ள பியோர்ன்ஃப்யெல் கணவாயைப் புயலின்போது மூடுவார்கள், அல்லது பனி அகற்றும் வண்டியின் பின்னால் கான்வாயாக அனுப்புவார்கள்; அதற்கென்று ஒரு நாளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்பதை டிசம்பர் முதல் வாரத்தில் காரே முடிவுசெய்யட்டும். உறைபனி விழும் ஓர் இரவில் காரை வெளியே நிறுத்தி, மறுநாள் விடியற்காலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஹீட்டர் பிளக் விளக்கு அணைந்ததும் இரண்டு மூன்று சுற்றில் பிடித்து, நடுக்கமும் வெண்புகையும் இல்லாமல் நின்று ஓடினால், மேற்சொன்ன வேலைகள் முடிந்த இந்தக் காரில் தாராளமாகப் போகலாம். பேட்டரியும் பிளக்கும் புதிதாக இருந்தும் நீண்ட நேரம் சுற்றித்தான் பிடிக்கிறது என்றால், இன்ஜினின் கம்ப்ரெஷனை அளக்கச் சொல்லுங்கள். அது குறைந்திருந்தால் இந்தக் குளிருக்கு ஏற்ற பரிகாரம் எதுவும் இல்லை. அப்படியானால் டிராம்சோவுக்கு விமானத்தில் போய், குளிர்கால டயரோடு வரும் காரை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். பண்டிகை வாரத்தில் இரண்டுமே வேகமாகத் தீர்ந்துவிடும் என்பதால், ரத்து செய்யக்கூடிய முன்பதிவை இப்போதே செய்து வையுங்கள்.